சிரிப்புக்கு ஒரு தலையணை

புது ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் எங்கள் கண் போனது அவர் கக்கத்தில் இடுக்கியிருந்த தலையணை மேல்தான்.

நெஞ்சைப் பிளந்து தைத்தவர்களுக்கு மருத்துவமனையில் கொடுத்தனுப்பும் சின்னத் தலையணை அது. இருமல் வந்தாலும் தும்மல் வந்தாலும் அதை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் உயிர் போய் உயிர் வரும்.

தோளில் ஒரு பை, கையில் எக்ஸ்ரே உறை, விரலில் மாட்டிய குடை. முகத்திலும் வழுக்கைத் தலையிலும் வியர்வை. பின்னாலேயே அவர் மனைவி, சால்வையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, வெறுங்கையோடு மெதுவாக வந்தார்.

"பாவம், இவரைப் போய் இவ்வளவு சுமக்க விட்டிருக்கே அந்தம்மா," என்று எங்களில் ஒருவரான பேக்கரி அக்கா என் காதைக் கடித்தார்.

"கூட வந்தவங்க அந்த பெஞ்சுல உட்காரலாம்மா," என்று நான் மனைவிக்கு இடம் காட்டினேன். அவரும் போய் உட்கார்ந்தார்.

இதய நோயாளிகளுக்கு வாரம் ஒருமுறை நடக்கும் உடற்பயிற்சி வகுப்பு இது. சொல்லித்தரும் பெண் வரும்வரை அறை எங்கள் ராஜ்ஜியம். எந்த மாத்திரைக்கு வாய் கசக்கும், மாடிப்படியில் எங்கே நின்று மூச்சு வாங்க வேண்டும், எல்லாப் பாடமும் அப்போதுதான். நான் லிஃப்ட் மெக்கானிக். இங்கே மூத்த நெஞ்சு என்னுடையது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தலையணையோடு வருகிறவரை முதல் நாளே சிரிக்க வைத்துவிடுவோம்.

வெட்டித் தைத்த பிறகு எல்லோருக்கும் சிரிக்கப் பயம். தையல் பிரிந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நாளை ஓட்டுவார்கள். ஒருமுறை சிரித்துப் பிழைத்துவிட்டால் பயம் விட்டுப்போகும். நான் அப்படித்தான் பிழைத்தேன்.

"இல்லீங்க, நான் வந்து..." என்று புது ஆள் ஏதோ ஆரம்பித்தார்.

"பேசாதீங்க, மூச்சு வாங்கும். மொதல்ல உட்காருங்க," என்று பேக்கரி அக்கா அவரை அமுக்கி உட்கார வைத்தார். அக்கா சொன்னால் டாக்டரே உட்காருவார்.

புது ஆள் பெஞ்சை ஒரு பார்வை பார்த்தார். மனைவி காதைத் தீட்டிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பியிருந்தார். அதைக் கண்டபின் கணவர் மறுபேச்சுப் பேசவில்லை.

"ஆபரேஷன் ஆனதுலேருந்து வீட்டுல சிரிப்புச் சத்தமே இல்லீங்க," என்றார். "அதான் பெரிய கவலை."

விடுவேனா? என் கதையை எடுத்துவிட்டேன். நெஞ்சில் கட்டோடு நான் படுத்திருந்தபோது மருத்துவமனை லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன கதை. உள்ளே மாட்டிக்கொண்டவர் என்னை வெட்டிய டாக்டர். கட்டிலில் கிடந்தபடி நான்தான் அவருக்குப் போனில் தைரியம் சொன்னேன். "பயப்படாதீங்க டாக்டர், ஒண்ணும் ஆகாது. மூச்சை நல்லா இழுத்து விடுங்க."

புது ஆள் வாய்விட்டுச் சிரித்தார். தலையணை மடியிலேயே கிடந்தது.

"தலையணை! தலையணை!" என்று எல்லோரும் கத்தினோம்.

வலிக்கவே இல்லையாம். இதென்ன நெஞ்சா, இரும்பா? எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மனைவி மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். சரியான சிடுமூஞ்சி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு புது ஆள் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார். மல்லாந்தே படுத்து முதுகு வலிக்கிறதே, என்ன செய்வது? எங்களில் பஸ் ஓட்டுகிறவர் முட்டிக்கு அடியில் துணியைச் சுருட்டி வைக்கச் சொன்னார். காரணமே இல்லாமல் அழுகை வருகிறதே? எல்லோருக்கும் வரும், தானாக நிற்கும் என்றார் அக்கா. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நான் அழுததைச் சொன்னேன். சொல்ல வெட்கமாக இல்லை.

துணி பிழியலாமா?

"வீட்டுல நீங்கதான் துவைக்கிறீங்களா? குடுத்து வச்சவங்கம்மா நீங்க," என்றார் பஸ்காரர், பெஞ்சைப் பார்த்து.

கடைசியாகப் புது ஆள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "கையை மேல தூக்கித் தலை வாரிக்கிறது எப்பலேருந்துங்க?"

எல்லோருடைய பார்வையும் மெல்ல மேலே ஏறி, பளபளவென்றிருந்த அந்த வழுக்கையில் போய் நின்றது.

"அதுக்கு மொதல்ல முடி வேணுமே சார்," என்றேன்.

அறையே அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே எங்களில் யாருடையதும் அல்லாத ஒரு சிரிப்பு குபீரென்று எழுந்து, "ஐயோ" என்று பாதியில் நின்றது.

பெஞ்சிலிருந்து அந்த அம்மா கையை நீட்டினார். கணவர் ஒரே ஓட்டமாகப் போய்த் தலையணையைக் கொடுத்தார். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த அம்மா மறுபடியும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. சால்வை நழுவியதில் கழுத்துக்குக் கீழே ஒரு கோடு தெரிந்தது. எங்கள் எல்லோருக்கும் இருக்கிற அதே கோடு.

"நானும் ஒரு பொம்பளைதானே, எனக்கே தோணலையே," என்று பேக்கரி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக எங்கள் வரிசைக்கு அழைத்துவந்தார். யாரும் சொல்லாமலே கணவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"நெஞ்செலும்பு நல்லா சேரணும்மா. ரெண்டு மூணு மாசம் கையைத் தூக்காதீங்க. தலையெல்லாம் அப்புறம் வாரிக்கலாம்," என்றார் அக்கா.

அந்த அம்மா எனக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் அவருடைய பின்னலைப் பார்த்தேன். உச்சியில் இறுகி, நடுவில் தொளதொளத்து, பாதியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நுனியில் மூட்டை கட்டுவதுபோல முடிச்சுக்கு மேல் முடிச்சு.

"மெதுவா ஆகட்டுங்க," என்றார் கணவர் பெஞ்சிலிருந்து. "எனக்கும் இப்பத்தான் கை பழகிட்டு வருது."

அந்த அம்மா தலையணையை இன்னொரு முறை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.