பன்னீர்த் துண்டு படம் எடுத்துக்கொண்டது

சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றில் பாலைத் திரித்துச் செய்த பன்னீரில் கடுகளவு துண்டு ஒன்று இருந்தது. தன்னைப்போல் வழவழப்பானவர் உலகத்திலேயே இல்லை என்று அதற்கு நினைப்பு. எலக்ட்ரான் நுண்ணோக்கியிடம், "அக்கா, என்னை ஒரு படம் எடுங்க" என்றது.

"எனக்குள்ளே காத்தே கிடையாது. ஈரத்தோட வந்தா சுருங்கிப் போயிடுவே. காஞ்சுட்டு வா."

உலர்த்தும் மெஷின் வாங்க அங்கே வசதியில்லை. மருந்துக்கடை ஸ்பிரிட் பாட்டில்தான் முன்வந்தது. மாத்திரை டப்பாவில் பன்னீரை உட்காரவைத்து, ஸ்பிரிட்டில் கலக்கும் தண்ணீரைக் குறைத்துக் குறைத்து ஐந்து முறை குளிப்பாட்டியது.

"எரியுதே, பாட்டிலண்ணே!"

"அழகுன்னா சும்மாவா? அவசரப்பட்டா முகம் கோணிடும்."

பன்னீர் இல்லாத பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது. காய்ந்ததும், படம் தெளிவாக விழுவதற்காக மெல்லிய தங்கப்பூச்சு கிடைத்தது. கல்யாணப் பெண்ணைப்போல உள்ளே போனது.

ஐயாயிரம் மடங்கு பெரிதாகப் படம் திரையில் வந்தது. எங்கே பார்த்தாலும் குழியும் குகையும்.

"யாருக்கா இது?"

"நீதான்."

"ஒரு குழிகூட இடியாம வந்திருக்கு பாரு!" என்று பூரித்துப்போனது பாட்டில்.



"அசைஞ்சுட்டேன் போலிருக்கு. இன்னொன்னு எடுங்கக்கா" என்றது பன்னீர்.