தொம், தொம்

ஜன்னலுக்கு வெளியே கடல் ஈயத் தகடுபோல் கிடக்கிறது. தம்பியின் பாய்மரப் படகு எவ்வளவு வேகத்தில் வரும் என்று, அதை வடிவமைத்த அக்கா கணினியில் மறுபடியும் கணக்குப் போடுகிறாள். புயலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கரை சேர்ந்துவிடும் என்கிறது திரை. “உங்க கணக்க நம்பித்தான் கிளம்பினாரு, அண்ணி. நான் எதுக்குப் பயப்படணும்?” என்கிறாள் தம்பி மனைவி. மூலையில் இருக்கும் பெரிய பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்து, குதிகாலால் அதைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். தொம், தொம். காலி டின்னின் சத்தம் இல்லை அது. அக்காவின் விரல்கள் நின்றுவிடுகின்றன. “படகோட அடியில ஒட்டிக்கிடக்குறதச் சுரண்டிட்டு இந்தப் பெயிண்ட்ட அடிக்கச் சொன்னேனே, அடிக்கலையா?” “எங்க நேரம்? வந்து பாத்துக்கலாம்னு அப்படியே போயிட்டாரு.” திரையில் ‘அடிப்பாகம்: வழவழப்பு’ என்று இருக்கிறது. அவள் அதை ‘சிப்பி, பாசி’ என்று மாற்றுகிறாள். வேகத்தைக் காட்டும் எண்கள் சரசரவென்று இறங்குகின்றன. புயல்தான் முதலில் வரும். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரத் தொடங்குகிறது. “வந்துடுவாருல்ல, அண்ணி?” “வந்துடுவான்” என்றபடி அக்கா திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். குதிகால் மறுபடியும் தட்டுகிறது. தொம், தொம்.