நேர்மைப் பேரவை நீருக்கடியில்

விழுப்புரம் நேர்மைப் பேரவையின் நிறுவனத் தலைவர் ஜெகதீசன். பேரவையில் அவரைத் தவிர ஒரு பேனரும் ஒரு மைக்கும் இருந்தன. எங்கே ஒரு தப்பு நடந்தாலும் மைக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். தன் வெள்ளைச் சட்டையில் யாராவது ஒருநாள் ஒரு சொட்டுக் கறையைக் காட்டிவிட்டால் ஊர் சிரித்தே கொன்றுவிடும் என்பதும் அவருக்குத் தெரியும்.

கிணற்று மோட்டாருக்குக் கயிறு வாங்கத் திண்டிவனம் போனார். கடைக்காரர் சவுரிராயன் கயிற்றை அளந்துகொண்டே காதருகே குனிந்தார்.

"தலைவரே, உங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா. நகைக்கடைய உடைச்சவன் ஒருத்தன போலீசு தொரத்திக்கினு வந்துதாம். மாட்டிக்கிறதுக்கு முன்னாடி பைய பனமலை ஏரில வீசிட்டானாம். அம்மாம் தங்கமும் சேத்துலதான் கெடக்குது. போலீசுக்கே தெரியாது."

"அது சட்டப்படி அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய சொத்து" என்றார் ஜெகதீசன், மைக் இல்லாத குறையைக் குரலால் ஈடுகட்டி.

வாய்தான் அதைச் சொன்னது. கண், சுவரில் தொங்கிய ஒரு விநோதமான சாமானின்மேல் இருந்தது. மஞ்சள் மாஸ்க், கைக்கு அடக்கமான காற்று சிலிண்டர், வாத்துக்கால் மாதிரி ஒரு ஜோடிச் செருப்பு.

"இது இன்னா சவுரி?"

"முக்குளிக்கிற செட்டுங்க. கெணத்துல மோட்டார் வுழுந்துட்டா எறங்கி எடுக்கலாம். போட்டுப் பாருங்க, சும்மா போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார். குழாயை எப்படிக் கவ்வுவது, காற்று எவ்வளவு நேரம் தாங்கும், கை பம்பில் எப்படி அடைப்பது என்று எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். போனில் படமும் எடுத்துக்கொண்டார். செருப்பைக் கூடக் கடையில் போட்டு நடந்து பார்த்துவிட்டு ஆர்டரை வீட்டில் உட்கார்ந்து போடுகிற பரம்பரை அவருடையது.

இருந்தாலும் ஆசை தாங்கவில்லை. "இன்னா வெல?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டார்.

சவுரிராயன் கடை அதிரக் கத்தினார். "தலைவருக்கு ஒரு முக்குளிக்கிற செட்டு எறக்குப்பா! எந்த ஏரிக்குங்க, தலைவரே?"

பெயின்ட் வாங்க வந்தவர், குழாய் வாங்க வந்தவர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெகதீசன் மாஸ்க்கை அவசரமாகச் சுவரில் மாட்டினார்.

"சும்மா வெல கேட்டேன்யா. கயித்த மட்டும் குடு."

'இந்த ஓட்டை வாயை வைத்துக்கொண்டு இவன் எப்படித்தான் கடை நடத்துகிறானோ!' என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டார். ஆன்லைனில் தேடினார். அதே செட்டு, விலையும் குறைவு. ஆன்லைன்காரன் முகவரி கேட்பான், பின்கோடு கேட்பான். எந்த ஏரிக்கு என்று மட்டும் கேட்க மாட்டான். போன வாரம்தான் வணிகர் கூட்டத்தில், 'உள்ளூர்க் கடைகளை ஆதரிப்போம்' என்று தொண்டை கட்டப் பேசியிருந்தார். தொண்டை இன்னும் சரியாகவில்லை. விரல் நன்றாக இருந்தது, ஆர்டரை அழுத்தியது.

பெட்டியைக் கொண்டுவந்த கூரியர்காரர், "இன்னா சார், இந்த கனம் கனக்குது?" என்றார்.

"ஊழல் ஆதாரங்கள்" என்றார் ஜெகதீசன்.

மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் பம்ப் அடித்ததைப் பார்த்து, வீட்டுக்காரருக்கு உடம்பின்மேல் அக்கறை வந்துவிட்டது என்று மனைவி அமலா பூரித்துப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை, பொழுது வெளுக்கும்போதே பனமலை ஏரிக்கரை. ஸ்கூட்டரைக் கருவேலம் புதரில் மறைத்துவிட்டு, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. சேற்றைத் துழாவிக்கொண்டே போனார். கையில் கெட்டியாக ஏதோ அகப்பட்டது. பிடித்து இழுத்தார்.

அது உதைத்தது.

அலறிக்கொண்டு மேலே வந்தார். எதிரே இன்னொரு தலையும் அலறிக்கொண்டு மேலே வந்தது. மஞ்சள் மாஸ்க்கைக் கழற்றினால், கோயில் அன்னதானக் கமிட்டி சின்னதுரை.

"இன்னா தலைவரே, காலங்காத்தால?"

"ஏரி ஆக்கிரமிப்பப் பத்தி ஆய்வு பண்ணிக்கினு இருக்கேன். நீ?"

"வேண்டுதல். பனமலை ஈசுவரனுக்கு."

"தண்ணிக்கு அடியிலயா?"

"ஆக்கிரமிப்பு மட்டும் அடியிலயா கீது?"

அந்தச் சமயத்தில் பக்கத்தில் குமிழி விட்டுக்கொண்டு இன்னொரு உருவம் எழுந்தது. காதோடு காது சேர்கிற அந்த மீசையைக் கண்டதும் ஜெகதீசனுக்கு உயிர் போய்விட்டது. ஏட்டு நடராசன்! மறைந்திருந்து பிடிக்க வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, பேனர், மைக், எல்லாம் முடிந்தது. நீருக்கு மேல் இரண்டு கைகளையும் தூக்கினார்.

"ஐயா, சத்தியமா நான் அரசாங்கத்துலதான் ஒப்படைக்கலாம்னு..."

"கைய எறக்குங்க சார், பேஜாரு பண்ணாதீங்க" என்றார் ஏட்டு, நெற்றிக்கு ஏற்றியிருந்த மஞ்சள் மாஸ்க்கைச் சரிசெய்தபடி. "நானே லீவு போட்டுட்டு வந்துகீறேன். அந்தப் பக்கமா தேடுங்க, இது என் எடம்."

ஜெகதீசன் சுற்றிலும் பார்த்தார். ஏரி முழுக்கக் குமிழிகள். மதகு ஓரம் மகளிர் குழுத் தலைவி பூமாலை, நைட்டியைச் செருகிக்கொண்டு, வாத்துக்காலை மாற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

அதே நேரத்தில் திண்டிவனத்தில் சவுரிராயன், தன் ஆன்லைன் கடையில் மிச்சமிருந்த கடைசி முக்குளிப்பு செட்டைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டிவிட்டு, புதிதாக வந்திறங்கிய மெட்டல் டிடெக்டர்களைப் பார்த்தபடி, தன் திருடன் இந்தத் தடவை நகையை வளவனூர்ப் பக்கம் எந்தக் கரும்புத் தோட்டத்தில் புதைத்திருக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.