ஏலத்தில் எடுத்த சக்கர நாற்காலி

இணைய ஏலத்தில் சக்கர நாற்காலியை எடுத்தவன் பணமும் கட்டவில்லை, பதிலும் போடவில்லை. நறுக்கென்று கேட்டுவிடுவதென்று, அதை விற்கப் போட்டிருந்த டீச்சரம்மா போன் போட்டார்.

"ஏன் சார், வாங்கற எண்ணமே இல்லாம எதுக்கு ஏலம் கேட்டீங்க? நான் பார்சல்கூடக் கட்டி வெச்சுட்டேன்!"

"மன்னிச்சிடுங்கம்மா. எங்கம்மாவுக்காகத்தான் கேட்டேன். இனிமே அது தேவையில்ல..." அவன் குரல் தழுதழுத்தது.

டீச்சரம்மாவுக்குச் சுருக்கென்றது. "ஐயோ, எப்பப்பா?"

"போன வாரந்தாம்மா. சுவரைப் பிடிச்சுக்கிட்டுத் தானா எழுந்து நடந்துட்டாங்க! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உங்களுக்குச் சொல்லணும்னே தோணல. ஆமா, நீங்க ஏம்மா விக்கிறீங்க? உங்க வீட்லயும் யாராவது எழுந்து நடந்துட்டாங்களா?"

கணவர் இறந்ததிலிருந்து வெறுமையாகக் கிடக்கும் கட்டிலை டீச்சரம்மா பார்த்தார்.

"ஆமாப்பா, எங்க வீட்டுக்காரர்," என்றார். "அம்மாவைப் பார்த்து நடக்கச் சொல்லு."