ஏரிக்கரையோடு மட்டும் வேண்டாம்

வெர்லீன் மைக்குக்கு முன்னால் போய் நின்றதும் கோர்ட் கட்டிடத்துக் கூடத்தில் அட்டை விசிறிகள் எல்லாம் நின்றன.

இறுதிச் சடங்கு நடத்தும் கம்பெனிக்காரர்கள் எங்கள் சர்ச்சுக்கு இலவசமாகக் கொடுத்த விசிறிகள் அவை. சர்ச் பெண்கள் நாற்பது பேரும் செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு மேடை பாதிதான் தெரிந்தது. தெரிந்த பாதியில் எங்கள் மாவட்டத்தை நிர்வகிக்கும் கவுண்டி மன்றத்தின் தலைவர் ஹோல்காம்ப் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெர்லீன் என் மனைவி. அந்த மன்றத்துக்கு மூன்று தடவை நின்று மூன்று தடவையும் தோற்றவள்.

தோற்றது அவள் குற்றமில்லை. கறுப்பர்கள் நாங்கள் எழுநூறு வாக்காளர்கள், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் நெருக்கியடித்துத்தான் குடியிருக்கிறோம். தொகுதிக் கோடு எங்களுக்கு நடுவில் புகுந்து கேக் வெட்டுவது போல இரண்டாக வெட்டிவிட்டுப் போகும். என் வீடு இரண்டாம் தொகுதி, என் கோழிக்கூடு ஐந்தாம் தொகுதி.

கோடு போடும்போது யாருடைய தோல் நிறத்தையும் பார்ப்பதே இல்லை என்று ஹோல்காம்ப் ஒவ்வொரு முறையும் சொல்வார். பார்க்காமலே இவ்வளவு கச்சிதமாக வெட்டுவதற்குத் தனித் திறமை வேண்டும்.

இந்த வருடம் நீதிபதி குறுக்கே வந்துவிட்டார். எங்களை இனிமேல் வெட்டக் கூடாது, முழுதாக ஏதாவது ஒரு தொகுதியில் வைக்க வேண்டும் என்பது உத்தரவு.

சுவரில் இரண்டு வரைபடங்கள் தொங்கின. நீல வரைபடத்தில் நாங்கள் கடலை விவசாயிகளோடு இரண்டாம் தொகுதியில். பச்சையில் ஏரிக்கரைப் பங்களாக்காரர்களோடு நான்காம் தொகுதியில். இரண்டு இடத்திலும் வாக்காளர் பட்டியலில் வெள்ளைக்காரர்கள் தொள்ளாயிரம் பேர். எங்கே வைத்தாலும் நாங்கள் மூழ்குவோம் என்ற கணக்கு. நீலத்துக்குத்தான் தன் ஓட்டு என்று ஹோல்காம்ப் போன வாரமே பத்திரிகையில் சொல்லியிருந்தார்.

ஆளுக்கு மூன்று நிமிடம். வெர்லீன் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

“ஐயா, நீங்க போட்ட நீலமே நல்லா இருக்கு. கடலைக்காரங்க எங்களுக்குத் தெரிஞ்ச மனுஷங்க, நாலு பேராவது எங்களுக்குப் போடுவாங்க. ஏரிக்கரையோட மட்டும் எங்களச் சேத்துடாதீங்க. அங்க ஒரு ஓட்டுகூட எங்களுக்கு விழாது.”

ஹோல்காம்ப் கடிகாரத்தை விட்டுவிட்டு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

அடுத்து எங்கள் சர்ச் மூப்பர் டீக்கன் அமோஸ் எழுந்தார். இந்தப் பக்கத்துக்கு ஓர் ஆம்புலன்ஸ் வேண்டும் என்று பன்னிரண்டு வருடமாக மனு எழுதுகிறவர். போன பிப்ரவரியில் அவர் மனைவி பியூலாவுக்கு நெஞ்சு வலித்தபோது வண்டி ரயில் பாதையைத் தாண்டி வர ஐம்பது நிமிடம் ஆனது. மன்றத்தில் எங்களுக்கென்று ஒருத்தர் இருந்திருந்தால் அந்த வண்டி எங்கள் தெருமுனையில் நின்றிருக்கும் என்றுதான் அவர் சொல்ல ஆரம்பித்தார். ‘பியூலா’ என்ற பெயர் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. எழுபத்தெட்டு வயது மனிதர் மைக்கைப் பிடித்துக்கொண்டு விசும்பினார். மூன்று நிமிடம் முடிந்து சிவப்பு விளக்கு எரியும் வரை அப்படியே நின்றார்.



மேடையில் ஐந்து தலைகளும் ஒன்றாகக் கூடிக் குசுகுசுத்தன. ஹோல்காம்ப் ஒரு காகிதத்தில் ஏதோ கூட்டிப் பார்த்தார். பிறகு, மக்கள் சொன்னதை மன்றம் கவனமாகக் கேட்டுக்கொண்டது என்று அறிவித்துவிட்டுப் பச்சை வரைபடத்தை ஓட்டெடுப்புக்கு விட்டார்.

ஐந்துக்கு ஐந்து. இந்த மன்றம் இத்தனை ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

பெண்கள் விசிறியால் முகத்தை மூடிக்கொண்டார்கள். சில தோள்கள் குலுங்கின. ஹோல்காம்ப் கருணையோடு ஒரு தண்ணீர்ப் பாட்டிலை முன்வரிசைக்கு அனுப்பிவைத்தார்.

கையெழுத்தாகி முத்திரை விழும் வரை ஒருத்தரும் இடத்தை விட்டு அசையவில்லை. அதற்கப்புறம்தான் வரிசையாக வெளியே வந்தோம்.

கார் நிறுத்துமிடத்தில் வெர்லீன் எங்கள் வண்டியின் டிக்கியைத் திறந்தாள். வீட்டு வாசலில் நடும் தேர்தல் பலகைகள், இருநூறு. பக்கத்துக் கவுண்டியில் ஒரு அச்சகத்தில் மூன்று வாரத்துக்கு முன்பே அடித்து வாங்கியவை. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: ‘வெர்லீன் ஸ்டால்வொர்த், நான்காம் தொகுதி.’

பெண்கள் ஆளுக்கு ஐந்தாக எடுத்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை, ஹோல்காம்ப்பின் ஜன்னல் அந்தப் பக்கம்தான்.

அமோஸ் மட்டும் தள்ளி நின்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை பைபிள் வகுப்பில் மூன்று தடவை ஒத்திகை பார்த்தோம், அழுகை அதில் இல்லை. வெர்லீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பிரதர் அமோஸ், வண்டி வரும். நிச்சயமா வரும்.”

கடலை விவசாயிகள் காய்ச்சலோடு படுத்திருந்தாலும் எழுந்து வந்து ஓட்டுப் போட்டுவிடுவார்கள். தொள்ளாயிரம் என்றால் தொள்ளாயிரம்.

ஏரிக்கரையிலும் பட்டியலில் தொள்ளாயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கரைக்கு முப்பத்தோரு வருடம் தபால் கொண்டுபோனவன் நான். அவர்களில் அறுநூறு பேருக்கு வரும் கடிதங்களில், ‘இந்த முகவரியில் இப்போது இல்லை’ என்று எழுதி வருடக்கணக்காகத் திருப்பி அனுப்பியதும் நான்தான்.