தரையிறங்கும் நேரம்

“நேர் விமானத்துல வந்தாலே ஒன்பது மணி நேரம்க்கா. ஏழாயிரம் கிலோமீட்டர், சும்மாவா?”

“எப்படியாவது வந்துடுடா தம்பி. சாயங்காலம் வரைக்கும் தாங்கறதே கஷ்டம்னு டாக்டர் கையை விரிச்சுட்டார். அப்பா கண்ணைத் திறக்கறப்பல்லாம் ‘கிளம்பிட்டானா’ன்னுதான் கேக்கறார்.”

“டிக்கெட் போட்டாச்சு. இப்ப ஏறிடுவேன். ஆறு மணிக்கு ஆஸ்பத்திரில இருப்பேன். அதுவரைக்கும் போன் எடுக்க முடியாதுக்கா.”

போனை அணைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா! அந்த அறையிலிருந்து அப்பா படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம்.

வெளிநாட்டு வேலை பறிபோய், நாலு மாசத்துக்கு முன்பே ஊர் திரும்பியிருந்தான். பார்க்கிறவர்களிடமெல்லாம் பிள்ளையைப் பற்றித் தம்பட்டம் அடித்துவந்த அப்பாவின் முகத்தில் எப்படி முழிப்பது? ஒரு ஃபர்னிச்சர் கடையில் வேன் ஓட்டிக்கொண்டு, நல்ல வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டதுதான் மிச்சம்.

கூடத் தங்கியிருந்த நண்பன் கத்தினான். “உனக்கென்ன பைத்தியமா? ஓடிப் போய் அவர் கால்ல விழுடா!”

“அக்காகிட்ட என்னன்னு சொல்றது? ஏழாயிரம் கிலோமீட்டரை அரை மணில பறந்து வந்துட்டேன்னா?”

“உண்மையைச் சொல்லு.”

“சாகக் கிடக்கறவர் அதைக் கேட்டுட்டா போகணும்? மானம் போயிடும்டா.”

“யாரோட மானம்? அவரோடதா, உன்னோடதா?”

அவன் பெட்டியை இழுத்துப் போட்டுத் துணிகளை அடுக்க ஆரம்பித்தான்.

மத்தியானம் மனசு கேட்கவில்லை. தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் போய் நின்றான். அக்கா புருஷன் மருந்துச் சீட்டோடு தலைதெறிக்க ஓடிவந்தார். ஐயோ, என்ன ஆச்சோ! கேட்கவும் வழியில்லை. வானத்தில் பறந்துகொண்டிருப்பவன் யாருக்குப் போன் போடுவான்? ரோட்டில் காலை வைத்தவன் மறுபடி பின்வாங்கினான். தன்னை நினைத்தால் தனக்கே அருவருப்பாக இருந்தது.

ஆறு மணிக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தான். அக்கா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வந்துட்டியா! மத்தியானமே முடிஞ்சுடும்னு நெனச்சோம்டா. எப்படித்தான் இழுத்துப் புடிச்சாரோ! ‘விமானம் இறங்கிடுச்சா, இறங்கிடுச்சா’ன்னு எங்க உயிரை எடுத்துட்டார்.”

அப்பா மெல்லக் கண்ணைத் திறந்தார்.

“வாப்பா... விமானத்துல... கூட்டமா?”

“கொஞ்சம் கூட்டம்தான்ப்பா.” சொல்லும்போதே அவனுக்கு நாக்கு கூசியது.

“பேசிட்டிருடா, மாமாவைக் கூட்டிட்டு வரேன்” என்று அக்கா வெளியே போனாள்.

அப்பா விரலை அசைத்துக் கிட்டே கூப்பிட்டார். குனிந்தான்.

“உன்னை அந்தக் கடை வேன்ல பார்த்து மூணு மாசம் ஆச்சுடா... நீ இறங்கற நேரத்துக்கு முன்னாடி நான் போயிட்டா, இங்கேயே இருந்தும் வரலியேன்னு காலம் பூரா உன்னை அரிக்கும்... அதான் மூச்சைப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்.”