தொட்டில் பாரம்

"தொட்டில் கட்டி ஆட்டுறதுக்கா சீலிங் போட்டுக் கொடுத்தோம்?" குடியிருப்போர் சங்கத் தலைவர் எடுத்த எடுப்பிலேயே எகிறினார்.

மேல்மாடி வாடகைக்காரப் பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி நின்றாள். காலையில் சீலிங்கிலிருந்து ஒரு கான்கிரீட் துண்டு பெயர்ந்து தொட்டிலுக்குள்ளேயே விழுந்திருந்தது. நல்லவேளை, அப்போது குழந்தை அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"இந்த வாரமே காலி பண்ணிடும்மா."

"கைக்குழந்தையோட திடீர்னு எங்க சார் போவேன்?"

சங்கச் செயலாளரும் அங்கே இருந்தார். அவருக்கும் தலைவருக்கும் பாம்பும் கீரியும் போலப் பொருத்தம். நேருக்கு நேர் பேசியே வருஷக்கணக்காகிறது.

"இன்ஜினீயர் வந்து பாக்கட்டும். பாவம், அந்தப் பொண்ணை ஏன் விரட்டணும்?" என்றார் செயலாளர், சுவரைப் பார்த்து.

இன்ஜினீயர் வந்தார். சீலிங்கைத் தட்டிப் பார்த்தார். எல்லோரையும் மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார்.

"இங்க ஆசிட் ஊத்திக் கழுவுறது யாரு?"

செயலாளர் முகம் மலர்ந்தது. "தலைவர்தான். வாரா வாரம். தரை பளிச்னு இருக்கணுமாம்."

"நடுவுல இவ்ளோ பெரிய தண்ணி டேங்க்?"

இப்போது தலைவருக்கு வாயெல்லாம் பல். "செயலாளர் வெச்சது. அவர் வீட்டுக்கு மட்டும்."

"அப்ப தப்பு யார் மேல?" இரண்டு பேரும் ஆவலாகக் கேட்டார்கள்.

"டேங்க் பாரத்துல மயிரிழை விரிசல் விட்டிருக்கு. பாரம் மட்டும்னா பல வருஷம் தாங்கியிருக்கும். ஆசிட் மட்டும்னா மேலாக்க அரிச்சதோட போயிருக்கும். இங்க ஆசிட் விரிசல் வழியா உள்ள இறங்கி அரிக்குது. அரிச்ச இடம் பாரம் தாங்காம இன்னும் விரியுது. தனியா யாராலயும் இவ்ளோ நாசம் பண்ண முடியாது சார். கூட்டு முயற்சி."

"என் தொட்டில்?" என்றாள் அவள், பயந்துகொண்டே.

"உங்க குழந்தையைவிட அதே சீலிங்ல தொங்குற ஃபேன் கனம்மா."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"டேங்கை உடனே இறக்குங்க. ஆசிடை நிறுத்துங்க. சீலிங்கைச் சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு இன்ஜினீயர் கிளம்பினார்.

தலைவரும் செயலாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஓரமாகப் போய்க் கிசுகிசுத்தார்கள். திரும்பி வரும்போது நகமும் சதையுமாக வந்தார்கள்.

செயலாளர்தான் ஆரம்பித்தார், வெகு கனிவாக.

"சீலிங் வீக்குன்னு இன்ஜினீயரே சொல்லிட்டாரு. அதுல போய்த் தொட்டில் கட்டியிருக்கியேம்மா! தலைவர் சொன்ன மாதிரி இந்த வாரமெல்லாம் வேணாம், நாளைக்கே காலி பண்ணிடு."